இந்த ஆயுசுக்கு மட்டும்

அக்டோபர் 6, திங்கள். கியோகக், அயோவா

வந்து சேர்ந்தோம். இயந்திரம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. கியர்பாக்ஸ் மட்டும் வரவில்லை. ஷிகாகோ வரை வந்த பெட்டி அங்கிருந்து கிளம்ப மாட்டேன் என்கிறதாம். மாவு ஆலையின் மேலாளர் இதைச் சொல்லிவிட்டு, இந்த வாரம் ஓய்வெடுங்கள் என்றார். ஓசூரில் எந்த மேலாளரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. பதிலுக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் கம்பெனி மூட்டை நிரப்பி, எடை பார்த்து, வாய் தைத்து அனுப்பும் இயந்திரம் செய்கிறது. பேனலும் புரோகிராமும் என் பொறுப்பு. இரும்பாக இருப்பதெல்லாம் சாலமோன் சார் பொறுப்பு. மூன்று வருடமாக இப்படித்தான் ஊர் ஊராகப் போய் இயந்திரம் நிறுவிவிட்டு வருகிறோம். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். சண்டை வந்ததில்லை. ஒரு தடவை ராய்ப்பூரில் வந்தது, அதுவும் சாம்பாரைப் பற்றி.

ஊர் சின்னது. ஹோட்டல் ஜன்னலைத் திறந்தால் மிசிசிப்பி. இவ்வளவு தண்ணீர் போகிறது, ஒருவர் கூட இறங்கிக் குளிக்கவில்லை.

மகள் தாரணி சேலத்தில் இருந்து பேசினாள். நாளை அவளுக்கு லேப் தேர்வு. சாலமோன் அங்கிள் எப்படி இருக்கார் என்று கேட்டாள். எனக்கு ஜலதோஷமெல்லாம் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பெட்டி வரவில்லை.

இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று சாலமோன் சார் வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டார். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, பக்கத்து மாநிலத்தில் இருப்பதைச் சொன்னாள். ஆற்றைத் தாண்டினால் இல்லினாய். ஆற்றோரமாகவே மேலே போனால் நாவூ என்று ஓர் ஊர். மார்மன் சபையார் ஒரு காலத்தில் சதுப்பு நிலத்தைத் திருத்திக் கட்டிய நகரமாம். ஊர்க்காரர்கள் அடித்துத் துரத்த, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்கே போனார்களாம். இப்போது அந்த வீடுகளைப் பழையபடி எடுத்துக்கட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை.

சாலமோன் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குப் பலகை என்றால் உயிர். எந்த ஊரில் எந்தச் சுவரில் நாலு வரி எழுதியிருந்தாலும் நின்று கடைசி வரி வரை படிப்பார். ஆனாலும் முதலில் சொந்த ஊர் நாசரேத்தில் இருக்கும் அக்காவிடம் போனில் கேட்டார். எஸ்தர் அக்கா மிகவும் கண்டிப்பு. அப்போஸ்தலருக்குப் பிறகு வந்த தீர்க்கதரிசி எவரையும் அவர் ஏற்பதில்லை. "பார்த்துட்டு மட்டும் வா, அங்க முழங்கால் போட்டுராத" என்று அனுமதி கிடைத்தது.

அக்டோபர் 8, புதன்

நாவூ போய்வந்தோம். நிறைய எழுத வேண்டும்.

ஆற்றங்கரைச் சாலை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக மரங்கள். ஊர் இன்னும் அழகு. செங்கல் வீடுகள், இடையில் பெரிய பெரிய புல்வெளி, மேட்டில் வெள்ளைக் கோயில். கோயிலுக்குள் அவர்கள் சபையாருக்கு மட்டுமே அனுமதி. எங்கள் ஊர்ப் பக்கமும் சில இடங்களில் அப்படித்தான் என்று சாலமோன் சார் வாசலில் நின்றவரிடம் ஆறுதலாகச் சொன்னார்.

ஒவ்வொரு வீட்டிலும் வயதானவர்கள், அந்தக் காலத்து உடுப்பில், சுற்றிக் காட்டுகிறார்கள். எல்லாரும் தொண்டர்கள். செங்கல் சூளையில் எங்களுக்குக் கிடைத்தவர் சிஸ்டர் டால்டன். லோர்னா என்றே கூப்பிடுங்கள் என்றார். எழுபது தாண்டியிருக்கும். தரையைப் பெருக்கும் பாவாடை, தலையில் நாடா கட்டிய துணித் தொப்பி, காலில் மட்டும் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. ஐடஹோவில் உருளைக்கிழங்கு பயிர் செய்கிற குடும்பம். கணவரும் மனைவியுமாக ஒன்றரை வருடம் இங்கே தொண்டு செய்ய வந்திருக்கிறார்கள்.

என் பெயர் கேட்டார். பூங்கோதை என்றேன். 'பூங்கா' வரை வந்து நின்றுவிட்டார். பூங்கா என்றால் பார்க் என்று அர்த்தம், அது நானில்லை என்று விளக்கினேன். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போய், நாள் முழுக்கப் பூங்கா என்றே கூப்பிட்டார்.

அவர் கணவர் டெல் மாட்டு வண்டி ஓட்டுகிறார். வேன் அளவுக்குப் பெரிய எருதுகள் இரண்டு. சாலமோன் சார் தயங்கித் தயங்கி, உங்கள் சபையில் ஒருவருக்குப் பல மனைவிகள் என்று படித்தேனே என்றார். அது பாட்டன் காலத்திலேயே நின்றுவிட்டது என்றார் டெல். பிறகு இவர் பெயரைக் கேட்டார். சாலமோன் என்றதும் எருதுகளை நிறுத்திவிட்டார்.

"பைபிளில் சாலமோன் ராஜாவுக்கு எழுநூறு மனைவிகள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் என்னிடம் கேட்கிறீர்களா?"

இவருக்கு ஒருவர் கூட இல்லை என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. டெல் என்னையும் அவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு எருதுகளைத் தட்டினார்.

கடைசியில் ஆற்றங்கரையில் மூன்று கல்லறைகள். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், அவர் அண்ணன் ஹைரம், ஜோசப்பின் மனைவி எம்மா. சகோதரர்கள் இருவரும் ஒரே நாளில் கொல்லப்பட்டவர்கள். பிறகு ஊரே மேற்கே போனபோது எம்மா போகவில்லை. பிள்ளைகளோடு இங்கேயே இருந்தார். மூன்று வருடம் கழித்து சபையில் இல்லாத ஒருவரை மணந்துகொண்டு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். இதெல்லாம் லோர்னா சொன்னது. சுற்றிக் காட்ட அவர் சூளையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு எங்களோடு நடந்தே வந்துவிட்டார்.

அந்த இரண்டாவது கணவர் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார் என்று கேட்டேன். இங்கே இல்லை, வேறிடத்தில் என்றார்.

முப்பது வருடம் கூட இருந்துவிட்டு வேறிடமா என்றேன்.

லோர்னா தொப்பியின் நாடாவைச் சரிசெய்தபடி என்னை உற்றுப் பார்த்தார். "இங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஜோசப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்த மனிதரைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் இதுவரை நான்தான்."

சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு குட்டிச் செங்கல் கொடுத்தார்கள். சாலமோன் சார் தன்னுடையதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து, ஒரு பக்கம் சாய்ந்தபடியே வண்டி ஓட்டினார்.

அக்டோபர் 9, வியாழன்

பெட்டி வரவில்லை.

எழுதிவிடுகிறேன். நானே படிக்கப்போகிற நோட்டில் நானே மறைத்து எழுதுவது கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தைய மாதம் ஓசூரில், இதே இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சாலமோன் சார் கையில் ஸ்பேனரோடு நின்று சொன்னார்: "மேடம், நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்னன்னு எனக்குத் தோணுச்சு. நீங்களும் யோசிங்க. அவசரமில்ல." சொல்லிவிட்டு மிச்ச போல்ட்டை இறுக்கப் போய்விட்டார். அமெரிக்கா போய்வந்து சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாள் கூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கோபித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

எனக்கு நாற்பத்தேழு. அவருக்கு ஐம்பத்தொன்று. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று முன்பொரு முறை கேட்டிருக்கிறேன். "பார்த்தாங்க, அமையல. அப்புறம் பார்க்கிறதையும் நிறுத்திட்டாங்க" என்றார். அவ்வளவுதான் கதை. என் கணவர் குமரவேல் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவரிடம் தினமும் சாயங்காலம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவேன். வால்வு, ரிலே, யார் யாரோடு சண்டை, எல்லாம். ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார், அவர் தபால் இலாகா. அவர் போன பிறகு அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் இந்த நோட்டை ஆரம்பித்தேன்.

சரி. போதும். துணி காய்ந்துவிட்டதா பார்க்க வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

கார்த்தேஜ். ஜோசப்பும் அண்ணனும் கொல்லப்பட்ட சிறை. சிறை என்றால் சின்னக் கல் வீடு. மாடியில் ஓர் அறை. விசாரணைக்காக அடைத்து வைத்திருந்தவர்களை, முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்த கும்பல் சுட்டுவிட்டது. கதவில் குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருக்கிறது. ஜோசப் ஜன்னல் வழியாகக் கீழே விழுந்தார். சாலமோன் சார் அந்த ஜன்னலருகில் பலகையைக் கூடப் படிக்காமல் ரொம்ப நேரம் நின்றார். "வெளிய எத்தனை பேர் நிக்கானுவன்னு தெரிஞ்சும் ஜன்னலுக்கு வந்திருக்காரு" என்றார்.

சுற்றிக் காட்டியது தாரணி வயதுப் பெண். நீங்கள் கணவன் மனைவியா என்று கேட்டாள். இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் சற்றே பயந்துவிட்டாள். பிறகு தங்கள் நம்பிக்கையை விளக்கினாள். அவர்கள் கோயிலில் நடக்கும் கல்யாணம் சாவோடு முடியாது, நித்தியத்துக்கும் தொடரும், குடும்பம் குடும்பமாக மேலேயும் சேர்ந்திருப்பார்கள். எங்கள் சபையில் 'மரணம் நம்மைப் பிரிக்குமளவும்' என்றுதான் உடன்படிக்கை என்றார் சாலமோன் சார். எங்கள் பக்கம் ஏழு பிறவி என்று பேச்சு உண்டு என்றேன் நான். அந்தப் பெண் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டாள்.

உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்றாள். இறந்துவிட்டார் என்றேன். ஒரு கணம் கூட யோசிக்காமல், சந்தைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வது போல, "மறுபடியும் பார்ப்பீங்க" என்றாள்.

அந்த ஊர்க் காற்றில் ஏதோ தூசி. சோளம் அறுக்கிற பருவம் இல்லையா. கண்ணெல்லாம் எரிந்து நீராகக் கொட்டிவிட்டது. சாலமோன் சார் வெளியே போய் காரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வாடகைக் கார்.

திரும்பும்போது பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. "எங்க சபையில கான்ட்ராக்ட் சாவோட முடிஞ்சிரும் மேடம். உங்களுக்கு ஏழு தடவை ரினீவல். இவியளுக்கு முடிவு தேதியே போடல." நான் சிரித்தேன். இரண்டு மைல் தள்ளி மறுபடியும் சிரித்தேன்.

அக்டோபர் 11, சனி

டால்டன் வீட்டில் சாப்பாடு. முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சீஸில் முக்கி வேகவைத்த உருளைக்கிழங்கு, மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ். நன்றாகவே இருந்தது. அப்புறம் பச்சை நிற ஜெல்லி, அதற்குள் துருவிய கேரட். அது ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து நான் டீக்காகக் காத்திருந்தேன். அவர்கள் டீயும் குடிப்பதில்லை, காபியும் குடிப்பதில்லை, அது சபைக் கட்டுப்பாடு. வெந்நீர் வேண்டுமா என்று லோர்னா அன்பாகக் கேட்டார். வெந்நீர் குடித்தேன்.

டெல் சாலமோன் சாரைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். உருளைக்கிழங்கு மூட்டை தைக்கிற பழைய இயந்திரம் பற்றி இரண்டு பேருக்கும் பேச நிறைய இருந்தது. நாங்கள் பாத்திரம் கழுவினோம். நான் கழுவ, அவர் துடைத்தார்.

சுவரில் நான்கு பேர் படம் இருந்தது. இரண்டு இளம் ஜோடிகள். ஒன்றில் லோர்னாவும் வேறொருவரும், இன்னொன்றில் டெல்லும் வேறொரு பெண்ணும். பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தேன். லோர்னாவே சொன்னார். அது ரே, அவருடைய முதல் கணவர், டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனார். அது கேரல், டெல்லின் மனைவி, புற்றுநோய். இருவரும் தனியாகி, சபையில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பதினொரு வருடத்துக்கு முன் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அப்படியானால் கோயிலில் நித்தியத்துக்கும் என்று செய்தது என்றேன்.

"அது ரேயோடு. டெல்லுக்கு அது கேரலோடு. எங்கள் இரண்டு பேருக்கும் நடந்தது இந்த ஆயுசுக்கு மட்டும். சபையில் அதற்கு வழி இருக்கிறது, அப்படித்தான் சொல்லிக் கல்யாணம் செய்து வைப்பார்கள்."

கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் எட்டி அதை மூடினார்.

மேலே போன பிறகு இவர் உங்களுக்கு யார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

"பக்கத்து வீடாக இருந்தால் நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார். "வேலிக்கு மேலே பேசிக்கொள்ளலாம். ரே தவறாக எடுத்துக்கொள்ளமாட்டான். கேரலைப் பற்றித் தெரியாது, நான் அவளைப் பார்த்ததில்லை. டெல் அவளைப் பற்றிப் பேசினால் இரண்டு மணி நேரம் பேசுவான். நான் துணி தைத்துக்கொண்டே கேட்பேன்."

பொறாமையாக இருக்காதா என்றேன்.

"முதல் வருடம் இருந்தது. அப்புறம் அவள் செய்த தப்பையெல்லாம் அவன் வாயிலிருந்தே தெரிந்துகொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் நாலு பேர். கொஞ்சம் நெரிசல்தான்."

தட்டை அடுக்கில் வைத்துவிட்டு, சாதாரணமாக, "அந்த நல்ல மனுஷன் உன்னிடம் கேட்டுவிட்டாரா, இல்லை இனிமேல்தானா?" என்றார். என்ன கேட்கிறீர்கள் என்றேன். சரி பூங்கா, வெந்நீர் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

துணி துவைத்தேன். சாலமோன் சார் ஒரு சபையைத் தேடிக் கண்டுபிடித்து ஆராதனைக்குப் போய்வந்தார். பாட்டு பிரமாதமாம், பிரசங்கம் சின்னதாம். அக்காவிடம் இரண்டாவதை மட்டும் சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

கியர்பாக்ஸ் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் சாலமோன் சார் அதை ஊரிலிருந்து வந்த பிள்ளை மாதிரி தட்டிக் கொடுத்தார். நாள் முழுக்க வேலை. கால் வலி. மாலை தாரணி கூப்பிட்டாள், எடுத்துப் பேச முடியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானம் டெல்லுக்கு சாலமோன் சார் போன் செய்தார், கியர்பாக்ஸ் வந்த கதையைச் சொல்ல. லோர்னா எடுத்தார். டெல்லை ஃபோர்ட் மேடிசன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எருதைப் பூட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி என்றால் எனக்கு ஆகாது. அந்த வாசனை போதும், ஆறு வருடம் பின்னால் போய்விடுவேன். வாசலில் கால் நின்றுவிட்டது. சாலமோன் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வெளியே இருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் நடந்ததும் நடந்தார்.

லோர்னா நடைபாதை நாற்காலியில் அந்தக் காலத்துப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தார். தொப்பியை மடியில் வைத்திருந்தார். சபைப் பெண்கள் இருவர் பக்கத்தில். இரத்தக் குழாய் அடைப்பு, உள்ளே ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். நான் போய் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நித்தியத்தை நம்புகிறவர்களுக்குப் பயம் இருக்காது என்று நினைத்திருந்தேன். நடுங்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஆம்புலன்ஸில் வரும்போது ரேயோடு சண்டை போட்டேன். உனக்கு என்னை முடிவில்லாத காலத்துக்கும் கொடுத்திருக்கிறது, எனக்கும் இவனுக்கும் இருப்பது இவ்வளவுதான், அதிலும் கை வைக்காதே என்றேன்." பிறகு மூக்கைத் தொப்பியில் துடைத்துக்கொண்டார். "கேரலிடமும் சொன்னேன். பழக்கமில்லாதவள், இருந்தாலும் சொன்னேன்."

அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் ஒரே கைக்குட்டையைப் பயன்படுத்தினோம். அது சாலமோன் சாருடையது, உள்ளே செங்கல் பொடி இருந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். கண் விழித்ததும் டெல் முதலில் எருதுகளை யார் அவிழ்த்துக் கட்டினார்கள் என்று கேட்டாராம். அடுத்து எங்கள் இயந்திரம் மூட்டை தைத்துவிட்டதா என்று. லோர்னா அவரை ரொம்பத் திட்டினார். அறைக்கு வெளியே வரை கேட்டது.

அக்டோபர் 15, புதன்

வேலை. தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது. நேற்றைய கைக்குட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

இயந்திரம் ஓடியது.

காலையில் எடை காட்டும் சென்சார் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பதினொரு மணிக்கு மேல் அதுவும் வழிக்கு வந்தது. முதல் மூட்டை நிரம்பி, கன்வேயரில் நகர்ந்து, ஊசிக்கு அடியில் போய், வாய் தைத்து வெளியே வந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஆலைக்காரர்கள் கை தட்டினார்கள். காதில் எல்லாரும் பஞ்சடைப்பான் வைத்திருந்தோம், தட்டுவது தெரிந்ததே தவிரக் கேட்கவில்லை.

சாலமோன் சார் மூட்டை போகிற பக்கம் குனிந்து தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் மாவு. எதற்காக அந்த நேரத்தில் தோன்றியது என்று இப்போதும் தெரியவில்லை. நான் அவர் பக்கத்தில் போய், "எனக்குச் சம்மதம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மூட்டையைக் காட்டி, தையல் கால் அங்குலம் இடப்பக்கம் போகிறது என்று கையால் சொன்னார்.

நான் இன்னும் கிட்டே போய்ச் சத்தமாகச் சொன்னேன். நூலை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். கேட்டது உதட்டசைவில் தெரிந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பேனலுக்குப் போய் இயந்திரத்தை நிறுத்தினேன். ஆலையே அமைதியாகிவிட்டது. மேலாளரும் அவர் ஆட்களும் என்னவோ கோளாறு என்று ஓடிவந்தார்கள்.

"நீங்க ஓசூர்ல கேட்டீங்களே, அதுக்குச் சொல்றேன். எனக்குச் சம்மதம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். ஆனாலும் அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஏதோ புரிந்தது போல ஓரடி பின்னால் போனார்கள்.

சாலமோன் சார் காதிலிருந்து அடைப்பானை எடுத்தார். ஒன்றை மட்டும்தான் எடுத்தார். பிறகு கையில் இருந்த மாவைத் தட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அதை இன்னும் மோசமாக்கினார். "நன்றி மேடம்" என்றார்.

நன்றி மேடம். எனக்குச் சிரிப்பு வந்து, பேனல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோளாறு என்ன என்று மேலாளர் கவலையோடு கேட்டார். ஒன்றுமில்லை, சரிசெய்துவிட்டோம் என்றார் சாலமோன் சார்.

அக்டோபர் 17, வெள்ளி

டெல் வீட்டுக்கு வந்துவிட்டார். விடைபெறப் போனோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, லோர்னா என் முகத்தைப் பார்த்ததும் கை தட்டிவிட்டு டெல்லை அழைக்க உள்ளே போனார். டெல் சாய்வு நாற்காலியில் இருந்தபடி சாலமோன் சாருக்குக் கை கொடுத்து, இன்னும் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது பாக்கி என்றார்.

காரில் ஏறிய பிறகு நான் முக்கியமானதைக் கேட்டேன். நேற்றே கேட்டிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. என் வீட்டு ஹாலில் குமரவேல் படம் இருக்கிறது. பெரிய படம். அதை எடுக்க என்னால் ஆகாது. நாள் முழுக்க நடந்ததை நோட்டில் எழுதி அவரிடம் சொல்லுகிற பழக்கமும் இருக்கிறது, அது நிற்குமா என்று தெரியாது.

சாலமோன் சார் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"படம் அங்கேயே இருக்கட்டும்" என்றார். "அவிய வீடு அது. நான்தான் புதுசா வாரேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருகிட்ட சொல்லி முடிச்ச பிறகு, மிச்சம் ஏதாவது இருந்தா எங்கிட்டயும் சொல்லுங்க" என்றார்.

நாசரேத் அக்கா என்ன சொல்லுவார் என்றேன். அது அவர் பாடு, மூன்று மாதம் பேசமாட்டார், நான்காவது மாதம் வந்து சமையலறையை மாற்றி அடுக்குவார் என்றார்.

தாரணிக்கு நானே போன் செய்து சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "அப்போ இனிமே நான் உனக்கு தினம் போன் பண்ணலைன்னா கோவிச்சுக்க மாட்டியே" என்றாள். கோவிச்சுப்பேன் என்றேன். அழுதுகொண்டேதான் சிரித்தாள். ஊருக்கு வா, நேரில் பேசிக்கலாம் என்றாள். அது சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை. பேசிக்கொள்ளலாம்.

அக்டோபர் 26, ஞாயிறு. ஓசூர்

ஆராதனை முடிந்து சாலமோன் வந்தார். (சார் என்று எழுதி அடித்துவிட்டேன்.) இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கிலோ மாதுளை. சேலத்திலிருந்து வந்திருந்த தாரணி கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அந்த மாதுளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், போகவில்லை.

ஹாலுக்குள் வந்தவர் சோபாவில் உட்காரவில்லை. நேரே படத்தின் முன் போய் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார், இருந்தும் காலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலதிகாரி முன் நிற்பது போல நின்று, மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்:

"சாலமோன். மெக்கானிக்கல்."

தாரணி வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க முகத்தைத் திருப்பினேன். அவளுக்கே தெரியவில்லை. ஹாலைக் காட்டி, "அவரை உட்காரச் சொல்லும்மா, ரொம்ப நேரமா நிக்கிறார்" என்றாள்.